மொட்டைக் கடிதத்தின் சுழிகள்

மார்ச் 4

சின்னு,

உனக்கு ஒன்பது முறை போன் செய்தேன். ஒன்பதாவது முறைதான், என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்று உறைத்தது. வீட்டு எண்ணில் அப்பா எடுத்தார். நான்தான் என்று சொன்னதும் வைத்துவிட்டார். அதனால் தாளும் பேனாவும்.

நவம்பரில் உனக்குப் பார்த்திருந்த அந்த மாட்டு டாக்டர் வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. உனக்கு வலிப்பு உண்டு, பதினேழு வயதிலிருந்து மாத்திரை சாப்பிடுகிறாய், அதை மறைத்துக் கல்யாணம் பேசுகிறார்கள் என்று அதில் இருந்ததாம். ஜனவரியில் நடக்கவேண்டிய கல்யாணம் நின்றது. எழுதியது நான்தான் என்று நீயும் அப்பாவும் முடிவு கட்டிவிட்டீர்கள். “சொல்லிடுங்கப்பா, பின்னால தெரிஞ்சா அசிங்கம்” என்று ஆரம்பத்திலேயே சொன்னவள் நான் என்பதுதான் காரணம். சொன்னேன். இப்போதும் சொல்வேன். முகத்துக்கு நேரே சொல்கிறவள் எதற்கு ஒளிந்துகொண்டு எழுதப்போகிறாள் என்று உங்கள் இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்பா அந்தத் தாளை என் முகத்துக்கு முன்னால் ஆட்டினாரே தவிர, படிக்கத் தரவில்லை. ஓரக்கண்ணில் பட்டது ஒன்றுதான். கடைப் பலகை எழுத்துபோலத் தடிப்பும் மெலிவுமாக, அத்தனை அழகு. நானோ மருந்துக்கடையில் பதினைந்து வருடமாக டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துப் படித்து என் எழுத்தையும் கிறுக்கலாக்கிக்கொண்டவள். அப்படி எழுத ஒரு மனுஷிக்கு எத்தனை நாளாகும் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. இங்கே நூலக மாடியில் சனிக்கிழமை காலையில் லெட்டரிங் வகுப்பு நடக்கிறது. சேர்ந்துவிட்டேன்.

உன் அக்கா

மார்ச் 15

அக்காவுக்கு,

உங்கள் 4ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. வக்கீல் அலுவலகத்தில் வேலைக்கு நடுவே தட்டச்சு செய்வதால் சுருக்கமாகவே எழுதுகிறேன்.

என் உடம்பு விஷயம் தெரிந்தவர்கள் அப்பா, நீங்கள், அத்தான். வெளியாள் எவரும் இல்லை. அந்தக் கடிதத்தில் மாத்திரையின் பெயர் இருந்தது, அளவு இருந்தது, எத்தனை வேளை என்பதும் இருந்தது. உங்கள் மூவரில் மருந்துக்கடையில் நிற்பவர் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

எல்லாம் முடிந்தபிறகு நீங்கள் எழுத்துப் பழகப் போவது எதற்காக என்றும் யோசித்தேன். “பாருங்கள், நான் இப்போதுதான் அ ஆவன்னா கற்கிறேன்” என்று நாலு பேருக்குக் காட்டவா? எங்கள் வக்கீல் அடிக்கடி சொல்வார், யாரும் கேட்காமலே சாட்சி தயார் செய்கிறவரைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்று.

இனி எழுதவேண்டாம். எழுதினாலும் அலுவலக முகவரிக்கு எழுதுங்கள். அப்பா கண்ணில் பட்டால் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது.

சின்னு

மார்ச் 27

சின்னு,

“நீங்கள்” என்று எழுதியிருக்கிறாய். உனக்குத் தலை பின்னிவிட்ட கைக்கு அந்த மரியாதை தாங்கவில்லை. சரி, வைத்துக்கொள்.

வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். சாட்சிக்காக என்றே எடுத்துக்கொள். சொல்லித்தரும் பெண்ணுக்கு இருபத்துநாலு வயதிருக்கும். கடைகளுக்குப் பலகை எழுதுகிறாள். முழங்கையில் எப்போதும் ஏதாவது ஒரு பெயிண்ட். நாங்கள் ஆறு பேர். எனக்கு ஒரு பக்கம் பல் டாக்டர், இன்னொரு பக்கம் பேக்கரி வைத்திருக்கும் அம்மாள். முதல் இரண்டு வாரம் எழுத்தே கிடையாது. பென்சிலால் இரட்டைக் கோடு போட்டு, அதற்குள் வெறும் கோடு இழுக்கவேண்டும். பேனா முனை ஊசியாக இல்லாமல் உளிபோலப் பட்டையாக இருக்கிறது. அதை ஒரே சாய்வில் பிடித்தால் ஒரு பக்கம் போகும்போது தடிப்பும், குறுக்கே போகும்போது மெலிவும் தானாகவே வரும் என்கிறாள். எனக்கு வரவில்லை. என் கோடுகள் சீப்பில் சிக்கிய முடிபோல இருந்தன. பேனாவை ஊசி மருந்து ஏற்றுகிறவள்போல இறுக்கிப் பிடிக்கிறேனாம்.

மூன்றாம் வாரம் ப, ட, ம. “எழுதாதீங்க, வரையுங்க” என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். நாற்பது வருடமாக எழுதும் “ம”வை நான் ஒருநாளும் பார்த்ததே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. போன சனிக்கிழமை “வணக்கம்” எழுதினேன். இடம் கணக்குப் பார்க்காததால் கடைசிப் புள்ளி பல் டாக்டரின் தாளில் போய் விழுந்தது.

ஒரு பக்கம் முழுக்க ஒரே சீராக எழுத எத்தனை நாளாகும் என்று அவளிடம் கேட்டேன். தினமும் உட்கார்ந்தால் ஆறு மாதம் என்றாள். அப்படியானால் யாரோ ஆறு மாதம் உட்கார்ந்திருக்கிறார்கள், சின்னு. உனக்காக.

அந்தக் கடிதத்தின் நகல் ஒன்று எனக்கு வேண்டும்.

அக்கா

ஏப்ரல் 8

அக்காவுக்கு,

நகல் தர முடியாது. அது அப்பாவின் அலமாரியில் இருக்கிறது, சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. அதற்கு மேல் உங்களுக்கு எதற்கு? பார்த்துப் பழகி, அடுத்த இடத்துக்கும் அதேபோல ஒன்று அனுப்பவா?

ஆறு மாதம் என்று உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். ஒழுங்கான பேனாவும் கோடு போட்ட தாளும் இருந்தால் ஆறு வாரமே போதும். அதை வைத்து யாரையும் சந்தேகிக்கவோ விடுவிக்கவோ முடியாது.

நான் இந்த விஷயத்தை மறக்கப் பார்க்கிறேன். நீங்கள் மறுபடியும் கிளறுகிறீர்கள். கிளறுவதால் யாருக்கு லாபம் என்று புரியவில்லை.

சின்னு

ஏப்ரல் 16

சின்னு,

மறப்பது உனக்கு வசதி. எனக்கு அப்படியில்லை. போன மாதம் அப்பாவின் பிறந்தநாளுக்கு வந்து வாசலில் நின்றேன். ஜன்னல் திரை அசைந்தது, கதவு திறக்கவில்லை. நாலு மணி நேரப் பயணம் வந்து, அரை மணி நேரம் நின்று, நாலு மணி நேரம் திரும்பிப் போனேன். திரையை அசைத்தது அப்பாவா நீயா என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன்.

நகலை நீ தராவிட்டால் அந்த மாட்டு டாக்டருக்கே எழுதுகிறேன். திருப்பித் தருவதற்கு முன் எப்படியும் போட்டோ எடுத்து வைத்திருப்பார்கள்.

அக்கா

ஏப்ரல் 24

அக்காவுக்கு,

அவருக்கு எழுதவேண்டாம். தயவுசெய்து.

நகல் இணைத்திருக்கிறேன். அப்பா குளிக்கும்போது எடுத்தேன். பார்த்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள்.

சின்னு

மே 6

சின்னு,

கிழிக்கவில்லை. வகுப்புக்குக் கொண்டுபோனேன். பயப்படாதே, படிக்கும்படி யாருக்கும் தரவில்லை. மேல் மூன்று வரியை மட்டும் விட்டு மடித்துக் காட்டினேன்.

அந்தப் பெண் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். நல்லா பழகின கை, ஆனா புதுசு என்றாள். பென்சில் கோட்டை ரப்பர் வைத்து அழித்த தடம்கூட நகலில் விழுந்திருப்பதைக் காட்டினாள். பிறகு “ழ”வையும் “ண”வையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பேக்கரி அம்மாளைக் கூப்பிட்டு அதே இரண்டு எழுத்தை எழுதச் சொன்னாள். பக்கத்தில் என்னையும் எழுதச் சொன்னாள்.

மூன்றையும் வரிசையாக வைத்தபோது எனக்கே தெரிந்தது. என் சுழியில் தடிப்பு இடதுபக்கம் கீழே இறங்கி விழுகிறது. பேக்கரி அம்மாளுக்கும் அந்தக் கடிதத்துக்கும் தடிப்பு இடதுபக்கம் மேலே தங்கிவிடுகிறது. கண்ணாடியில் பார்ப்பதுபோல எதிர்ச் சாய்வு.

“இதை எழுதினவங்க இடது கைக்காரங்க. பட்டை முனை பொய் சொல்லாது” என்றாள்.

பேக்கரி அம்மாள் இடது கைக்காரி. நான் வலது கை. இது அப்பாவுக்குத் தெரியவேண்டும். நீயே சொல்லிவிடு. ஐந்து மாதமாக முதுகில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று அன்று இறங்கியதுபோல் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் எனக்கென்று ஒரு பட்டை முனைப் பேனா வாங்கிக்கொண்டேன்.

யார் என்று யோசித்துச் சொல். அவர்கள் வீட்டில், உன் அலுவலகத்தில் இடது கைக்காரர்கள் உண்டா?

அக்கா

மே 14

அக்காவுக்கு,

பலகை எழுதும் பெண்ணின் ஜோசியத்தை அப்பாவிடம் சொல்ல நான் தயாராக இல்லை.

ஆனாலும் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். என் விஷயம் தெரிந்தவர்களில் ஓர் இடது கைக்காரர் இருக்கிறார். பள்ளியில் பாடம் நடத்தும்போது இடது கையால் கரும்பலகையில் எழுதி, எழுதியதைத் தன் முழங்கையாலேயே அழிக்கிறார் என்று பிள்ளைகள் கேலி செய்வதாக நீங்களே சிரித்துச் சொல்லியிருக்கிறீர்கள். அவர் உங்கள் வீட்டில்தான் இருக்கிறார். “மறைச்சுக் கட்டி வைக்கிறது தப்பு” என்று நீங்கள் அப்பாவிடம் சண்டை போட்டபோது, பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவரும் அவர்தான்.

நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. யோசித்துச் சொல்லச் சொன்னீர்கள்.

சின்னு

ஜூன் 2

சின்னு,

இந்தக் கடிதத்தை எழுத எனக்குப் பதினைந்து நாள் ஆயிற்று.

உன் கடிதம் வந்த அன்று உன் அத்தானின் மேசை டிராயரை நோண்டினேன். அவருடைய பையை, புத்தகங்களை, பழைய டைரிகளை எல்லாம் பார்த்தேன். அவர் சட்டைப் பையில் மை கறை இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். பதினேழு வருடத்தில் நான் செய்யாதது. நாலாவது நாள் சாப்பாட்டு மேசையில் என் பட்டை முனைப் பேனாவை அவர் கையில் கொடுத்து, விளையாட்டுபோல “இதுல ‘ழ’ எழுதுங்க பாக்கலாம்” என்றேன். எழுதினார். தடிப்பு மேலேதான் விழுந்தது. இன்னும் எழுதுங்கள், “ண” எழுதுங்கள், “வலிப்பு” என்று எழுதுங்கள் என்றேன்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் பேனாவை மூடி வைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. சோதிச்சுப் பாக்கணுமா?” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாங்கள் ஒருவருக்கொருவர் உப்பு எடு, தண்ணீர் எடு என்பதற்கு மேல் பேசிக்கொள்வதில்லை.

அவர் எழுதிய தாளைத் தூக்கிப் போட மனமில்லாமல் அந்த நகலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் முதல்முறையாக எழுத்தைப் பார்ப்பதை விட்டு விஷயத்தைப் படித்தேன். மருந்துக்கடைக்காரி முதலில் பார்த்திருக்கவேண்டியது அதைத்தான். மாத்திரையின் அளவு முந்நூறு என்று இருக்கிறது. செப்டம்பர் வரை மாதாமாதம் நான் உனக்குப் பார்சலில் அனுப்பியது இருநூறு. அக்டோபரில் “இனிமே இங்கேயே வாங்கிக்கிறேன்” என்று சொன்னாய். அலைச்சல் மிச்சம் என்று நானும் விட்டுவிட்டேன். அளவு கூடியது எனக்குத் தெரியாது. உன் அத்தானுக்கும் தெரியாது. உன் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அப்பா வலது கைக்காரர். அந்தக் கல்யாணம் நடக்கவேண்டும் என்று தவமிருந்தவர்.

ஆறு வாரமே போதும் என்று நீ எழுதியிருந்ததையும் எடுத்துப் பார்த்தேன். ஒழுங்கான பேனா இருந்தால் ஆறு வாரம் என்பது, உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது பென்சிலை இடது கையில் பிடிப்பாய். டீச்சர் புகார் சொன்னார் என்று, உன்னை வலது கைக்கு மாற்றும் வேலையை அப்பா என்னிடம் ஒப்படைத்தார். தினமும் சாயந்திரம் உன் பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலைப் பிடுங்கி வலது கையில் வைத்தவள் நான். நீ அழுதுகொண்டே எழுதுவாய். ஒரு வருடத்தில் மாறிவிட்டாய். நீ இடது கைக்காரி என்பதையே எல்லோரும் மறந்துவிட்டோம். நான்கூட.

மார்ச்சிலிருந்து உன் கடிதம் எல்லாமே தட்டச்சு. இதற்குப் பதிலைக் கையால் எழுது.

இன்னொன்றையும் கேட்கவேண்டும். உன்மேல் இத்தனை கோபத்திலும் அது என்னைத் தூங்கவிடவில்லை. அளவை ஏன் கூட்டினார்கள்? மறுபடியும் வந்ததா?

அக்கா

ஜூன் 15

அக்கா,

வந்தது. அக்டோபரில், அலுவலகக் கழிப்பறையில். நாலு வருடத்துக்குப் பிறகு. நெற்றியில் அடிபட்டது, வழுக்கி விழுந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அப்பாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். டாக்டர் அளவைக் கூட்டினார். “கல்யாணம் முடியற வரைக்கும் யாருக்கும் தெரியவேண்டாம், உங்கக்காவுக்கும்தான்” என்றார் அப்பா.

நான்தான் அக்கா எழுதினேன்.

அந்தப் பேனா உன்னை மாட்டிவைக்க வாங்கியது இல்லை. அதை மட்டும் நம்பு. கல்யாண அழைப்பிதழை அச்சடிக்காமல் நானே கையால் எழுதவேண்டும் என்று ஓர் ஆசை வந்தது. ஆகஸ்டில் ஆரம்பித்தேன். போனில் வீடியோ பார்த்துத்தான் பழகினேன். வலது கையால் எழுதினால் எல்லாம் அலுவலக எழுத்தாகவே வந்தது. ஒருநாள் இடது கையில் எடுத்துப் பார்த்தேன். ஆரம்பத்தில் கோடு நெளிந்தது, மை கையில் ஈஷியது, எழுதியதன் மேலேயே கை போனது. தாளைச் சாய்த்து வைக்கக் கற்றுக்கொண்டதும் சரியாயிற்று. ஆறு வாரத்தில் என் பெயரும் அவர் பெயரும் அழகாக வந்துவிட்டன. அந்த நாட்களில் நான் இருந்த சந்தோஷம் யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு விழுந்தேன். அவர் வாரம் ஒருமுறை போன் செய்வார், கன்றுக்குட்டிகளைப் பற்றியெல்லாம் பேசுவார். நான் ஒவ்வொரு முறையும் சொல்ல வாயெடுப்பேன். அப்பா கூடத்தில் உட்கார்ந்திருப்பார். கடைசியில் அதே பேனாவை எடுத்தேன். விஷயம் தெரிந்தாலும் அவர் வருவார் என்று நினைத்தேன். “எழுதினது யாரா இருந்தா என்ன, நீ எப்படியிருக்கே?” என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் வரவில்லை. அவருடைய அண்ணன் வந்து கடிதத்தை அப்பா மடியில் போட்டுவிட்டுப் போனார்.

அப்பா என்னைப் பார்த்து, “உங்கக்காதானே?” என்றார். ஆமாம் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு நிமிஷம் போய்விட்டது அக்கா. அடுத்த நிமிஷம் அவர் உனக்குப் போன் செய்துகொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும், நேற்றே சொல்லியிருக்கலாம் என்றுதான் இருந்தது.

அன்று ஜன்னல் திரையை அசைத்தது நான்.

அத்தானைப் பற்றி எழுதியதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீ கிட்டே வந்துவிட்டாய் என்று பயந்து எழுதினேன்.

சின்னு

ஜூன் 22

சின்னு,

படித்தேன். உன் எழுத்து மாறவில்லை.

நீ விழுந்த இடத்தில் நான் இல்லையே என்று ஒரு பக்கம். என்னை வாசலில் நிற்கவைத்துத் திரைக்குப் பின்னால் நின்றாயே என்று இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து வருவதால் மன்னிப்பைப் பற்றி இப்போது எதுவும் சொல்லமுடியவில்லை. கேட்காதே.

உன் கடிதத்தை உன் அத்தானிடம் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு, “பாவம், அந்தப் பொண்ணு” என்றார். அவர் என்னைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மன்னிப்பு நான்தான் கேட்டேன். நீ எழுதியதற்கு நீ பொறுப்பு. அவர் டிராயரைத் திறந்தது என் கை.

அப்பாவிடம் நான் சொல்லமாட்டேன். சொன்னால் நம்பவும் மாட்டார். நீ சொல்.

அக்கா

ஜூலை 5

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை காலை சொன்னேன். அப்பா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஷூ முடிந்திருந்தது. நம்பவில்லை. அக்கா சொல்லிக்கொடுத்துப் பேசுகிறாயா என்று கேட்டார். எதிரே உட்கார்ந்து, இடது கையால் அந்தக் கடிதத்தின் முதல் வரியை எழுதிக் காட்டினேன். அலமாரியைத் திறந்து அதை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

திட்டுவார் என்று நினைத்தேன். இரண்டு தாளையும் ஒன்றாக மடித்தார். பிறகு, “என்கிட்ட சொல்ல முடியாமத்தான் இப்படிச் செஞ்சியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். இந்த முறை உடனே சொல்லிவிட்டேன்.

“அவ கூப்பிட்டப்பல்லாம் போனை வெச்சேனே” என்றார். அதைத்தான் அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை புறப்பட்டு உன்னிடம் வருகிறார். போனில் சொன்னால் நீ வேண்டாம் என்பாயோ என்று அவருக்குப் பயம். அதனால்தான் இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். வாசலில் வைத்து எதுவும் கேட்டுவிடாதே. பஸ்ஸில் அவருக்குக் கால் வீங்கும்.

நான் வரவில்லை. நீ கூப்பிடாமல் வரமாட்டேன்.

மாட்டு டாக்டருக்கும் ஒரு கடிதம் எழுதினேன். திரும்பி வரச் சொல்லி இல்லை. முந்தையதை எழுதியது யார், ஏன் என்று அவருக்குத் தெரியவேண்டும் என்று தோன்றியது. கீழே முழுப் பெயரும் போட்டேன்.

சின்னு

ஜூலை 13

சின்னு,

அப்பா வந்தார். நான் கடையில் இருந்தேன். கதவைத் திறந்தது உன் அத்தான். நான் வரும்போது இரண்டு பேரும் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா எழுந்து நின்றார். எனக்காக அவர் எழுந்து நின்றதை நான் பார்த்ததே இல்லை, தாங்கவும் முடியவில்லை. “உக்காருங்கப்பா” என்று அதட்டினேன். உட்கார்ந்தார். கால் வீங்கித்தான் இருந்தது. நாலு நாள் இருந்துவிட்டு இன்று காலை கிளம்பினார்.

உன்னிடம் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் வந்த மறுநாளே உன் கடைசிக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக அவரிடம் கேட்டேன். ஷூ பாலிஷ் போட்டது உண்மையா, எதிரே உட்கார்ந்து எழுதிக் காட்டியது உண்மையா, அவர் கேட்ட கேள்வி அதுதானா என்று. அக்டோபரில் விழுந்ததையும் கேட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கேட்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். இந்தப் புத்தி என்னைவிட்டுப் போக எத்தனை நாளாகும் என்று தெரியவில்லை. நீ வந்து எதிரில் நின்றாலும் கொஞ்ச நாள் உன்னை உற்றுத்தான் பார்ப்பேன்போல.

இருபதாம் தேதி சனிக்கிழமை வா. பன்னிரண்டு மணிவரை எனக்கு வகுப்பு. வீட்டுக்குப் போகாதே, நூலகத்துக்கு வந்து மாடிப்படியில் உட்கார்ந்திரு. மாத்திரையை மறக்காமல் எடுத்துக்கொண்டு வா.

அக்கா